ஜூரோங் தீவுக்கு வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

சிங்கப்பூர் வந்து இறங்கி, கைரேகை கொடுத்து, வேலை அனுமதி அட்டையும் கைக்கு வந்துவிட்டால் இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஜூரோங் தீவில் வேலை என்றால் அது ஆரம்பம்தான். தீவுக்குள் போக ஒரு பாஸ் வேண்டும். தீவுக்குள் இருக்கும் ஆலையின் கேட்டுக்கு இன்னொரு பாஸ். ஆலைக்குள் போய் ஸ்பேனரைக் கையில் எடுக்க அன்றைய வேலைக்கான பெர்மிட்டும் வேண்டும்.

இத்தனை கெடுபிடி ஏன்? ஏழு சிறு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலை மண் கொட்டித் தூர்த்து உண்டாக்கிய இடம் இது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளே இருக்கின்றன. 1999இல் சிங்கப்பூர் பெருந்தீவோடு சாலை இணைந்தது. 2001இல் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்ததும், பாஸ் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட இடம்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம் ஆட்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், நம் பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும். கம்பெனியில் பாஸுக்கு விண்ணப்பிக்கிறவர் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டால் கேட்டில் இரண்டும் ஒத்துப்போகாது. அட்டையில் உள்ள FIN எண்ணை, அதாவது வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்ணை, ஓர் எழுத்துகூட விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ் காலாவதியாகும் தேதியை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் அப்படி விட்டவன். ஆலை கேட்டில் இருந்த காவலர் தமிழர். தினமும் காலையில் "என்ன தம்பி, சாப்டாச்சா?" என்று கேட்பார். ஒருநாள் அட்டையைத் தேய்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தைய நாளோடு பாஸ் முடிந்திருந்தது. "அண்ணே, தினமும் பார்க்கிறீங்களே" என்றேன். "உன்னைத் தெரியும் தம்பி, இந்த அட்டையைத்தான் தெரியலை" என்று சொல்லி, உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார். சூப்பர்வைசர் வந்து கூட்டிப் போகும்வரை அங்கேயேதான் இருந்தேன். அன்றைய சம்பளம் போச்சு. அந்தக் காவலர்மேல் அன்று இருந்த கோபம் இப்போது இல்லை. ஊரில்போல் 'கொஞ்சம் பார்த்து விடுங்க' என்று கேட்பது இங்கே அவருடைய வேலைக்கே உலை வைக்கும்.

அட்டையைத் தேய்ப்பதை வருகைப்பதிவு என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆலையில் வாயு கசிந்து சைரன் அடித்தால் எல்லோரும் கூடுமிடத்துக்கு ஓடி வருவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அங்கே எண்ணுவது அந்த அட்டைக் கணக்கை வைத்துத்தான். நண்பன் திறந்த கதவிலேயே நீங்களும் நுழைந்துவிட்டால், கணக்கின்படி நீங்கள் உள்ளே இல்லை. உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். தேய்க்காமல் வெளியே போயிருந்தாலோ, இல்லாத உங்களைத் தேடி மீட்புக்காரர்கள் நெருப்புக்குள் போவார்கள். அட்டையை இரவல் கொடுப்பதும் இதே கதைதான், அதோடு குற்றமும்கூட.

அப்புறம் பைச் சோதனை. லைட்டர், தீப்பெட்டி கூடவே கூடாது. சிகரெட் பிடிக்காதவர்கள் நமக்கென்ன என்று இருப்பார்கள். எங்கள் லாரி ஓட்டுநர் அண்ணன் பீடியைத் தொட்டதில்லை. ஆனால் டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கற்பூரமும் தீப்பெட்டியும் வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை பூஜைக்கு. சோதனையில் அது கிடைத்தது. இருபது பேரும் லாரியை விட்டு இறங்கி வெயிலில் நின்றோம். பிள்ளையார் இப்போதும் இருக்கிறார், பக்கத்தில் சாமந்திப் பூ மட்டும்தான்.

போனும் அப்படித்தான். எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கக்கூடிய பகுதிக்குள் சாதாரண போன், பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் புளூடூத் எதுவும் போகக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். சில ஆலைகளில் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், சில இடங்களில் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைக் கிளப்பிப் பார்க்காதீர்கள், கிழித்தால் தெரிகிற மாதிரித்தான் செய்திருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் படம் எடுத்துத்தான். ராத்திரியில் உயரமான குழாயில் நெருப்பு எரிவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், பாஸைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்கள். பாஸ் போனால் அந்தத் தீவில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அடுத்தது விமான டிக்கெட்தான். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கேட்டில் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். ஆனால் 'பாதுகாப்புக்காக' என்று சொல்லி உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள இங்கே சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.

கடைசியாக, வீட்டில் சொல்லி வையுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் ஊரில் 5.30. ஊரில் எல்லோரும் எழுந்து பேசத் தொடங்கும் நேரத்தில் உங்கள் போன் லாக்கருக்குள் இருக்கும். என் மகள் பிறந்த அன்று 14 மிஸ்டு கால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன். மறுநாளே ஆபீஸ் நம்பரையும் இரவு ஷிஃப்டில் இருக்கும் அறை நண்பன் நம்பரையும் வீட்டு நாட்காட்டியில் எழுதி மாட்டச் சொன்னேன்.