மருந்து கேட்கிறதா? பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைப் பார்ப்பதில் வரும் தவறுகள்

மன்னார்குடிப் பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து விரித்தார். ஒன்று கும்பகோணத்தில் எடுத்தது, ஒன்று தஞ்சாவூரில், கடைசி உள்ளூரில். 4.1, 5.6, 4.8. "ஏறுது, இறங்குது. மருந்து கேட்குதா இல்லையா தம்பி?" என்றார். அவருக்கு எலும்பு வரை பரவிய புரோஸ்டேட் புற்றுநோய். அந்த எண்கள் பி.எஸ்.ஏ. அளவு; புரோஸ்டேட் அணுக்கள் சுரக்கும் இந்தப் புரதத்தை ரத்தத்தில் அளந்துதான் நோயின் போக்கைக் கவனிப்பார்கள்.

முதல் தவறு அந்தப் பையிலேயே இருந்தது. பி.எஸ்.ஏ. அளக்கும் கருவியும் கிட்டும் லேபுக்கு லேப் மாறும். ஒரே ரத்தத்துக்கே எண் வேறாக வரலாம். தொடங்கிய லேபிலேயே தொடர்ந்து எடுங்கள்.

அடுத்தது, இந்தப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பார்க்காமலேயே 'மருந்து கேட்கவில்லை' என்று முடிவுகட்டுவது. ஹார்மோன் ஊசியின் வேலையே அதை 50 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டரில்) வைத்திருப்பதுதான். அப்படி இருந்தும் நோய் வளர்ந்தால்தான், புற்று மருந்தை எதிர்த்து நிற்கிறது என்ற பேச்சு. துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது: சம்பா நடவு மும்முரத்தில் பெரியப்பாவின் மூன்று மாத ஊசி இருபது நாள் தள்ளிப்போயிருந்தது. டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை!

அபிராடெரோன் மாதிரி ஹார்மோனை அடக்கும் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியதும் மாதாமாதம் எண்ணைப் பார்த்துப் பதறுவோரும் உண்டு. மேட்டூர் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வருமா? முதல் 12 வாரத்தில் எண் ஏறினாலும், அதை மட்டும் வைத்துப் பொதுவாக மருந்தை மாற்றுவதில்லை.

எண் குறைவாக இருக்கிறதென்று அசந்துவிடுவதும் ஆபத்து. சிகிச்சைக்குத் தப்பும் சில புற்றணுக்கள் குணம் மாறி, பி.எஸ்.ஏ.வே சுரக்காமல் பரவும். முதுகுவலி கூடினால், எடை குறைந்தால், எண் எப்படியிருந்தாலும் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

அப்புறம், ரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை. டி.என்.ஏ.வைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் பழுது தெரிந்தால் ஓலாபரிப் போன்ற மருந்துக்கு வழி திறக்கலாம். ஆனால் நோய் அடங்கியிருக்கும்போது எடுத்தால் அந்த டி.என்.ஏ. சொற்பமாகவே இருக்கும்; 'ஒன்றுமில்லை' என்று வருவதை நம்ப முடியாது. சாதாரண குழாயில் எடுத்த ரத்தம் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரிக்காமல் கூரியரில் கிடந்தாலும் கெட்டது: வெள்ளையணுக்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. கலந்துவிடும். இதற்கென்று தனிக் குழாய் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பெரியப்பா ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் அடுத்த ஊசித் தேதியை எழுதிக்கொண்டார். சரியாகப் போகிக்கு விழுகிறதாம்.