நெல்லைச் சீமையில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கடைப் பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். பட்டியலில் கடையின் பெயர் இருக்கும், தெரு இருக்கும், எதைச் சாப்பிட வேண்டும் என்பதும் இருக்கும். எப்போது போக வேண்டும் என்பது மட்டும் இருக்காது. இந்தச் சீமையின் சாப்பாடோ பொழுதுக்கும் பருவத்துக்கும் கட்டுப்பட்டது. பதநீர் வெயில் ஏறுவதற்குள், அல்வா பொழுது சாயும்போது, பரோட்டா விளக்கு வைத்தபின், பனங்கிழங்கு தை மாதத்தில். வருகிறவர்கள் ஏமாறும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குத் தெரியாததால் வருபவை.

அல்வாவிலிருந்தே தொடங்கலாம். அதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பும் அவசரத்தில், பஸ் நிலையத்தில் கண்ணில் பட்ட முதல் கடையில் ஒரு கிலோ பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் பலரும் செய்வது. புகழ்பெற்ற கடைகளின் பெயரில் ஒன்றிரண்டு எழுத்தை மாற்றியும், முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தும் எழுதிய பலகைகள் பஸ் நிலையங்களைச் சுற்றி நிறைய உண்டு. பலகையைப் படித்து நல்லதைக் கண்டுபிடிக்க முடியாது. பண்டத்தைப் பார்க்க வேண்டும்.

சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பால் எடுப்பார்கள். அந்தப் பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவார்கள். சீனி காய்ந்து பழுப்பேறுவதால் வருகிற நிறம்தான் திருநெல்வேலி அல்வாவின் நிறம். சிவப்பாகவோ ஆரஞ்சு நிறத்திலோ மினுமினுத்துக்கொண்டு, கத்தியால் வெட்டிய சதுரத் துண்டுகளாக அடுக்கியிருந்தால் அது சோளமாவு அல்வாவாகத்தான் இருக்கும். அதுவும் ஓர் இனிப்புதான், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. கோதுமைப் பால் அல்வா வெட்டுக்கு நிற்காது. அதைக் கரண்டியால் அள்ளித்தான் தர முடியும்.

ஆகவே கிலோக் கணக்கில் வாங்குவதற்கு முன்னால் சூடாக ஐம்பதோ நூறோ கிராம் கேளுங்கள். வாழையிலைத் துண்டிலோ தாளிலோ வைத்துத் தருவார்கள். உடனே வாயில் போட்டுவிடாமல் ஒரு நொடி பாருங்கள். விளிம்பில் நெய் கசிந்து இலை பளபளக்க வேண்டும். விரலால் எடுத்தால் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளாமல் வழுக்க வேண்டும். பல்லுக்கு வேலை வைக்காமல் தொண்டைக்குள் இறங்க வேண்டும். மென்றுகொண்டே இருக்க நேர்ந்தால் அந்தக் கடையில் பொட்டலம் வாங்க வேண்டாம். சாப்பிட்டபின் பக்கத்தில் கொஞ்சம் மிக்சர் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். திகட்டலுக்கு அதுவே மருந்து.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடையை நண்பகலில் தேடிப் போய், சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அது மாலையில் திறந்து, இருப்பு விற்றுத் தீர்ந்ததும் மூடிவிடும் கடை. கோயில் விசேஷ நாட்களிலும் ஆனித் தேரோட்டச் சமயத்திலும் வரிசை தெருவில் நீளும். அந்த ஒரு கடை கிடைக்கவில்லையென்றால் அல்வாவே கிடைக்கவில்லை என்று முகம் வாடுவதும் வீண். வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பங்கள் தொடங்கிவைத்த தொழில் இது. இன்று டவுனிலும் ஜங்ஷனிலும் பல கைகளில் நன்றாகவே நடக்கிறது. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆற்றின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அனலருகே நின்று கைவிடாமல் கிண்டுகிறவரை அந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். நெய் உறைந்து அல்வா இறுகிவிடும். நல்ல அல்வா வெளியிலேயே பல நாள் நிற்கும், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. சாப்பிடும்போது கிண்ணத்தை வெந்நீரில் சற்று வைத்து எடுத்தால் நெய் இளகிவிடும்.

யாரிடம், என்ன கேட்பது

"அண்ணாச்சி, இங்கே நல்ல ஹோட்டல் எது?" இதைவிடப் பயனில்லாத கேள்வி நெல்லையில் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர் கேட்கிறார், குடும்பத்தோடு நிற்கிறார் என்று பார்த்து, மரியாதை கருதி ஏ.சி. அறையும் கார் நிறுத்த இடமும் உள்ள ஹோட்டலைக் காட்டுவார் அண்ணாச்சி. அவர் அங்கே சாப்பிட்டே இருக்க மாட்டார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, நீங்கள் காலையில் எங்கே சாப்பிடுவீர்கள்?" அல்லது, "இந்நேரத்துக்குப் பக்கத்தில் சூடாக என்ன கிடைக்கும்?" உடனே முகம் மாறும், பேச்சு வளரும். இட்லி ஒரு கடை, வடை இன்னொரு கடை, டீ மூன்றாவது கடை என்று பிரித்துச் சொல்வார். ஒரே கடையில் எல்லாமே நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வெளியூர்க்காரரின் பழக்கம்.

கேட்கும் ஆளும் அந்த இடத்திலேயே தினமும் பொழுதைக் கழிப்பவராக இருக்க வேண்டும். ரத வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்கு வந்து போகும் குமாஸ்தா, சந்தையில் மூட்டை தூக்குகிறவர் ஆகியோர் நாள் தவறாமல் வெளியில் சாப்பிடுகிறவர்கள்; சட்டினி ஒரு நாள் புளித்தாலும் அவர்களுக்குத் தெரியும். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை கூடும். இறைச்சியை நன்கு அறிந்த ஊர் அது. அங்கே பிரியாணிக்கு வழி கேட்டால் பதில் தெளிவாக வரும். ரமலான் மாத மாலைகளில் நோன்புக் கஞ்சியும் வடையும் தெருவெங்கும் மணக்கும்.

கைப்பேசியில் தெரியும் நட்சத்திரங்களை முழுக்க நம்ப வேண்டாம். விடுமுறையில் ஒரே ஒரு முறை வந்து போனவர்கள் போட்டவை அவற்றில் நிறைய. தள்ளுவண்டியும், தெருமுனையில் இரவு மட்டும் அடுப்பு மூட்டும் நைட் கடையும் அந்த வரைபடத்தில் பெரும்பாலும் ஏறுவதில்லை. நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. பக்கத்துத் தெருக்காரர்கள் தூக்குவாளியோடு வந்து சாம்பாரோ சால்னாவோ வாங்கிப் போகும் கடையில் தயங்காமல் உட்காரலாம். வீட்டில் அடுப்பு இருந்தும் ஒருவர் கடைக் குழம்பைத் தேடி வருகிறார் என்பதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வீட்டுச் சமையலை மெனு அட்டையில் தேடுவது

நெல்லைச் சமையல் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் சொதி, உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு என்று கேட்கிறார்கள். ஹோட்டலில் உதட்டைப் பிதுக்கினால், இந்த ஊரில் பழைய சமையலே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அப்படியே இருக்கிறது, வீட்டுக்குள் இருக்கிறது. ஹோட்டலுக்கு வராததற்குக் காரணமும் இருக்கிறது.

சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தின் தலைவாசல் அது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயைத் துருவி அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்துக்கொள்வார்கள். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாம் நீர்த்த மூன்றாம் பாலில் வேகும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்ப்பார்கள். வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் விட்டு ஒரு கொதி வந்தபின், கடைசியில்தான் கெட்டியான முதல் பால். அதை விட்டு ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். இத்தனை கவனமாக இறக்கிய ஒன்றை, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை அடுப்பில் சூடாக வைத்துப் பரிமாற முடியுமா? முடியாது. மறுபடி சூடேற்றினால் அதன் கதை முடிந்தது. சாம்பார் தாங்கும், சொதி தாங்காது.

ஆகவே இதற்கு வழி வேறு. வீட்டுச் சமையல் போடும் சில சைவ மெஸ்களில் குறிப்பிட்ட நாளில் மட்டும் சொதி வைப்பார்கள். முந்தைய நாளே கேட்டு, பன்னிரண்டரை மணிக்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். கூட்டமாக வருகிறவர்கள் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். இரண்டும் கைகூடாவிட்டால், நெல்லை நண்பர் வீட்டுக்கு அழைக்கும்போது "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று மறுக்காதீர்கள். கறுப்பு உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காயும் சேர்த்துப் பொங்கிய உளுந்தஞ்சோற்றை எள்ளுத் துவையலோடு சாப்பிட இதைவிட நல்ல வழி கிடையாது. கறி சாப்பிடுகிற வீடென்றால் கோழிக் குழம்பும் கூடவே வரும்.

பார்டர் என்ற பலகை

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் தென்காசிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பிரானூர் எல்லையாக இருந்தது. எல்லை மலைக்குப் போய்விட்டது, பார்டர் என்ற பேச்சு மட்டும் பிரானூரில் தங்கிவிட்டது. அங்கே பரோட்டாவும் மிளகுக் கோழியும் காடையும் பேர் வாங்கியபின், தமிழ்நாடெங்கும் பார்டர் பரோட்டா என்று பலகை முளைத்துவிட்டது. பலகையைப் பார்த்து மதுரையிலோ சென்னையிலோ சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா" என்று சொல்வது நியாயமில்லை.

பிரானூருக்கே போகிறவர்கள் குற்றாலச் சீசனில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளைத் தவிர்ப்பது நல்லது. அருவியில் குளித்த பசியோடு ஊரே அங்கே வந்து நிற்கும். அந்த நெரிசலில் எந்த மாஸ்டராலும் கல்லில் பரோட்டாவைப் பொறுமையாக வேகவைக்க முடியாது. சாப்பிடும் முறையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சால்னாவைக் கிண்ணத்தில் கேட்டு, பரோட்டாவைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் பாதி ருசிதான். இலையில் பிய்த்துப் போட்டு, மேலே தாராளமாக ஊற்றச் சொல்லி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருக்கும் அந்தக் கட்டத்தில் சாப்பிட வேண்டும்.

பனை தரும் பண்டங்கள்

பதநீர் பங்குனி, சித்திரை, வைகாசியில் இறங்குவது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. காலையில் மரத்தடியிலோ சாலையோரத்திலோ ஓலைப்பட்டையில் ஊற்றித் தரும்போது குடித்துவிட வேண்டும். நடுப்பகலில் ஐஸ் போட்டு விற்பதையும், அடைமழைக் காலத்தில் பதநீர் என்று விற்பதையும் சந்தேகப்படுங்கள். தண்ணீரும் இனிப்பும் கலந்த வெள்ளை நீர் அந்தப் பெயரில் விலைபோகிறது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போவதும் வேண்டாம்.

கருப்பட்டிக்கு உடன்குடி. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளம் என்பதால் உடைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உடைத்த இடம் கற்கண்டுபோல் மின்னினால் சீனி இருக்கிறது. நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும், நாக்கில் இனிப்போடு லேசான கரிப்பும் தட்டும். விலை மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். பனையேறி இறக்கிக் காய்ச்சும் உழைப்புக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குவது

பழைய நெல்லை மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தன. சாப்பாட்டில் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் பண்டம் வேறு. திருநெல்வேலிக் கடையொன்றில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன், சாத்தூர்ச் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். கடலைமிட்டாய் பயணத்தைத் தாங்கும், எங்கே வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது அது, பொட்டலத்தில் தயாரித்த ஊரைப் பார்த்து வாங்கினால் போதும். பால்கோவா தாங்காது, அதை ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும்போது அங்கேயே வாங்குங்கள். அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் போனால் தவறவிடாதீர்கள்.

மக்ரூன் வாங்கும்போது மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. முந்திரியும் சீனியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது அது. பார்த்தால் தெரியாது என்பதால், முட்டை சாப்பிடாத பெரியவர்களுக்கு அன்போடு வாங்கிப் போய்ச் சங்கடப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி பொட்டலத்திலேயே கிடந்தால் ஈரக்காற்றில் நமுத்துவிடும்.