செம்பனை வண்டையும் படம் பிடிக்கலாம்: கைப்பேசி மேக்ரோவை உருப்படியாகப் பயன்படுத்தும் வழி

கேமராவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பூ மாதிரி சின்னம் இருக்கும், இல்லாவிட்டால் 'மேக்ரோ' என்றே எழுதியிருக்கும். சின்னப் பொருளை ரொம்பக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுப்பதற்கான முறை அது. கைப்பேசி வாங்கிய புதிதில் எல்லாரும் அதை ஒரு தடவை தட்டி, வாசலில் இருக்கிற செம்பருத்தியை எடுத்துப் பார்த்து, மங்கலாக வந்ததும் "சும்மா விளம்பரத்துக்குப் போட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி தூரத்திலும் வெளிச்சத்திலும் இருக்கிறது. அந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால், மலேசியாவின் குளுவாங் மாதிரி ஓர் எஸ்டேட் ஊரில் எடுப்பதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதே இல்லை, வீட்டுக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் போதும்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த மாதிரி மேக்ரோ என்று பாருங்கள். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் மேக்ரோவுக்கென்றே தனியாக 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று இருக்கும். அதில் ஃபோகஸ் நகரவே நகராது, சுமார் 4 செ.மீ. தூரத்தில் நிரந்தரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். திரையை எத்தனை தடவை தட்டினாலும் வெளிச்சம்தான் கூடக் குறைய மாறும், கூர்மை மாறாது. நகர வேண்டியது நீங்கள்தான். விலை கூடியவற்றில் தனி மேக்ரோ கேமரா கிடையாது, அகலக்கோண கேமராவே கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும். 2021இல் வந்த ஐபோன் 13 புரோ இப்படித்தான் 2 செ.மீ. வரை நெருங்குகிறது, சாம்சங் எஸ்21 அல்ட்ராவும் கிட்டப் போனால் தானாகவே அகலக்கோணத்துக்கு மாறிக்கொள்ளும். மூன்றாவது வகை, கொஞ்சம் தள்ளி நின்றே பெரிதாகக் காட்டும் டெலி மேக்ரோ. ரெட்மி நோட் 10 புரோவில் 5 மெகாபிக்சலில் ஃபோகஸ் நகரும்படி ஒன்று கொடுத்தார்கள். பூச்சி எடுக்கிறவர்களுக்கு இந்த வகைதான் சௌகரியம்.

எந்த வகை என்று தெரியவில்லையா, பரவாயில்லை. ஒரு பழைய நாளிதழை மேசையில் விரித்து, அதில் ஒரு படத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, மேக்ரோவைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். தூரமாக இருக்கும்போது முகமாகத் தெரிந்தது ஓர் இடத்தில் சட்டென்று சின்னச் சின்ன மைப்புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். அந்த இடம்தான் உங்கள் கைப்பேசியின் தூரம், அளவுகோலில் எத்தனை செ.மீ. என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதை விரலில் அளந்து வையுங்கள்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த அகலம் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட 4 செ.மீ. வரும். வெளியே போகும்போது அளவுகோல் தூக்க வேண்டாம், விரல் கூடவே வரும்.

இப்போது ஒரு விஷயம் சொன்னால் கைப்பேசிக் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோவை விட, அதே கைப்பேசியின் முதன்மை கேமராவை 2 மடங்கு ஜூமில் வைத்து, அது எவ்வளவு கிட்ட ஃபோகஸ் செய்கிறதோ அங்கே நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் பல நேரம் படம் நன்றாக வரும். பெரிய சென்சார் உள்ள முதன்மை கேமரா ரொம்ப நெருங்க விடாது, ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்லும். நின்றுவிட்டுப் போங்கள். பூ, பழம், நகை, நாணயம் மாதிரி நகத்தை விடப் பெரிய எதற்கும் இதுவே போதும். நகத்தை விடச் சின்னதென்றால்தான் மேக்ரோ கேமராவைத் தொட வேண்டும். வீடியோவும் ஒரு வழி: 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் ஏறக்குறைய 8 மெகாபிக்சல். ஓடுகிற எறும்பை முதன்மை கேமராவில் பத்து விநாடி வீடியோ எடுத்து, அதில் கூர்மையாக இருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பதை விடப் புத்திசாலித்தனம்.

வெளிச்சத்துக்கு வருவோம், ஏனென்றால் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 4 செ.மீ. தூரத்துக்குப் போனதும் உங்கள் கைப்பேசியே ஒரு கூரை. அதன் நிழல் பொருள் மேல் விழும், கேமரா இருட்டைச் சமாளிக்க ஷட்டரை மெதுவாக்கும், கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். அதனால் வெயில் எப்போதும் பக்கவாட்டிலிருந்தோ பொருளின் பின்பக்கத்திலிருந்தோ வரும்படி நில்லுங்கள். இலையையும் இதழையும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் எடுத்தால் நரம்பெல்லாம் தனித்தனியாகத் தெரியும். நம் ஊரில் ஏறக்குறைய 7 மணிக்கு விடியும்; எட்டிலிருந்து ஒன்பதரை வரை வெயில் சாய்வாக விழும், இலையில் பனித்துளியும் இருக்கும், பூச்சிகளும் இன்னும் சுறுசுறுப்பாகியிருக்காது. பதினொரு மணி வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு டிஷ்யூத் தாளையோ வெள்ளைப் பிளாஸ்டிக் பையையோ வெயிலுக்குக் குறுக்கே பிடியுங்கள், கடுமை போய்விடும். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் அது பொருளின் ஒரு பக்கத்தை வெளுக்க வைத்து மறுபக்கத்தை இருட்டில் விட்டுவிடும். வேண்டுமானால் வீட்டில் இருக்கிற இன்னொரு கைப்பேசியின் டார்ச்சை டிஷ்யூவால் மூடிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், தம்பி தங்கைகளை இதற்கு நன்றாகப் பழக்கலாம்.

கை நடுக்கத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இலையையோ காம்பையோ இடது கை விரலால் பிடித்துக்கொண்டு, கைப்பேசி பிடித்த வலது கையின் மணிக்கட்டை இடது மணிக்கட்டின் மேல் சாய்த்துவிடுங்கள். காற்றடித்தாலும் பொருளும் கேமராவும் சேர்ந்தே ஆடும், நடுவில் உள்ள தூரம் மாறாது. மேக்ரோவில் கூர்மையாக வருகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான், ஆகவே அந்தத் தூரத்தைக் காப்பாற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஃபோகஸ் நகரும் கேமரா என்றால் திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துத் தள்ளுங்கள், ஒன்றாவது சரியாக விழும். தரையோடு கிடக்கும் பொருளுக்குக் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் மண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வயிறு ஈரமாகப் படுத்துக்கொண்டு எடுக்கத் தேவையில்லை.

சரி, எதை எடுப்பது? எஸ்டேட் ஊரில் இருந்துகொண்டு ரோஜாவை எடுக்க வேண்டாம். செம்பனை வண்டைத் தேடிப் போங்கள்.

பாமாயில் தரும் செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும், மலர்ந்த நாளில் வெளிர் மஞ்சளாகி, சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு வருவதுதான் 3, 4 மி.மீ. நீளமே உள்ள ஒரு கருப்புப் பழுப்பு வண்டு. எலைடோபியஸ் கமெரூனிக்கஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இது நம் நாட்டு வண்டு இல்லை, ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் இதே குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில்தான் முதலில் விட்டார்கள். அதற்கு முன்னால் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, ஆளை வைத்துப் பெண் பூக்களில் ஊதிக்கொண்டிருந்தார்கள். பெரிதாக்கிய படத்தை அந்த வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் காட்டினேன், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தவர், "இது வர்றதுக்கு முந்தி நாங்கதான்யா அந்த வண்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இதை எடுக்க உயரமான மரத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. நட்டு மூன்று நான்கு வருடமான இளமரங்கள் உள்ள பகுதிக்குப் போங்கள், அங்கே பூ இடுப்பளவிலேயே இருக்கும். ஒரு பூவில் நூற்றுக்கணக்கில் வண்டு மொய்க்கும், நீங்கள் கிட்டப் போனால் அவற்றுக்கு ஒரு கவலையும் கிடையாது, அதனால் பழகிக்கொள்ள இதைவிடப் பொறுமையான பூச்சி கிடைக்காது. மேலிருந்து எடுத்தால் ஏதோ கருப்புப் புள்ளி மாதிரிதான் வரும். கைப்பேசியை வண்டின் பக்கவாட்டுக்கு இணையாக இறக்குங்கள், மூக்கு முதல் வால் வரை ஒரே தளத்தில் விழும், யானைத் தும்பிக்கை போல வளைந்த அந்த நீள மூக்கும், மேலே ஒட்டிய மஞ்சள் மகரந்தத் தூளும் அப்போதுதான் தெரியும். கருப்பு உடம்பைப் பார்த்துக் கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கப் பார்க்கும், மஞ்சள் வெளுத்துப்போகும். திரையில் வருகிற சூரியச் சின்னத்தை ஒரு பொட்டு கீழே இழுத்துவிடுங்கள்.

போகும் வழியில் எஸ்டேட் சாலை ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பூச்செடிகள் நிற்குமே, அது டர்னேரா. அழகுக்கு நட்டதில்லை. தன்னைச் சுற்றிப் பை மாதிரி கூடு கட்டிக்கொண்டு செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு எதிரிகளான குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டது. பூ காலையில் விரிந்து உச்சிவேளைக்குள் மூடிக்கொள்ளும். ஆனால் பூவை விட்டுவிட்டு இலை காம்போடு சேருகிற இடத்தைப் பாருங்கள், சட்டி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் தேன் ஊறும், எறும்பு தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கும். எறும்பு ஓர் இடத்தில் நிற்பதே அபூர்வம், அதனால் இது பெரிய வாய்ப்பு. கேமராவில் புரோ முறை (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) இருந்தால் ஷட்டரை 1/250 விநாடிக்கு வையுங்கள்.

எங்காவது கித்தா (ரப்பர்) மரம் மிச்சம் இருந்தால் காலையில் சீவிய கோட்டில் பால் வடிந்து மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டுவதை எடுக்கலாம். வெள்ளைப் பொருளுக்குக் கணக்கு தலைகீழ்: கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், சூரியச் சின்னத்தை மேலே தள்ள வேண்டும். மல்லிகைச் சரத்துக்கும் இதேதான்.

தோட்டத்துக்குள் போவதற்கு முன் வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடமோ ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழம் வெட்டுகிற வரிசைக்கு அடியில் நிற்கவே கூடாது, ஒரு குலை பத்து இருபது கிலோ இருக்கும். மருந்து அடித்த ஈரம் காயாத செடியில் முகத்தை வைக்காதீர்கள். குவித்துப் போட்ட ஓலையைக் கையால் கிளறாதீர்கள், அடியில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும், பத்து நிமிடம் சும்மா விட்டால் தானாகப் போய்விடும். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு தொட்ட லென்ஸ் அப்படித் தானாகச் சரியாகாது, பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். மேக்ரோ லென்ஸ் சின்னதாக இருப்பதால் ஒரு விரல் ரேகை போதும், மொத்தப் படமும் புகைமூட்டமாகிவிடும்.

கைப்பேசி கேமரா மேல் மாட்டிக்கொள்ளும் கவ்வி லென்ஸ் வாங்கலாமா என்றால், 2 மெகாபிக்சல் மேக்ரோ வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அதில் 10 டயாப்டர் (லென்ஸின் சக்தி அளவு) என்று போட்டிருந்தால் பொருள் சுமார் 10 செ.மீ.யில் இருக்க வேண்டும், 20 என்றால் 5 செ.மீ.; 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் செ.மீ.யில் வந்துவிடும். பூச்சிக்கு 10 வாங்குங்கள், தள்ளி நிற்கலாம், நிழலும் விழாது. முதன்மை கேமராவின் நடுவில் சரியாகப் பொருத்துங்கள், கைப்பேசி தானாக வேறு லென்ஸுக்கு மாறுவதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கவ்வி ஒரு கேமராவில் இருக்கும், படம் இன்னொன்றில் வரும். லென்ஸ் மேல் தண்ணீர்ச் சொட்டு வைத்து எடுக்கும் வித்தையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். வேலை செய்யும்தான், ஆனால் தண்ணீர் தாங்காத கைப்பேசியில் அதை ஏன் செய்ய வேண்டும்?

மழை பிடித்துக்கொண்ட நாளில் வீட்டுக்குள் பழகலாம்: ரம்புத்தான் முடி, சேலை ஜரிகை, 50 சென் நாணயம். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையில் அழுத்தி அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைப் படிக்கவும் மேக்ரோதான் சரி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் வெள்ளித்தாளில் பள்ளமாக உள்ள எழுத்தும் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாக, நல்ல படம் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பிரிண்ட் போடுவதென்றால் 2 மெகாபிக்சல் படம் 4ஆர் (4x6 அங்குல) அளவுக்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். முதன்மை கேமராவில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தை அதிகம் வெட்டாமல் கொடுத்தால் 8ஆர் (8x10 அங்குலம்) கூடத் தாராளமாகப் போடலாம்.