ஊரணியைத் தூர்வார அரசுப் பணம் வாங்குவது எப்படி? சர்வே எண்ணில் ஆரம்பியுங்கள்

ஊரில் நாலு பேர் சேர்ந்து குளத்தையோ ஊரணியையோ சரி பண்ணலாம் என்று கிளம்பினால், முதல் நாளே "பணத்துக்கு எங்கே போறது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதோடு பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் இதற்கென்று பணம் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். அதை வாங்குவதற்கான காகிதங்கள் நம் கையில் இருப்பதில்லை, அதுதான் சிக்கல். எங்கள் ஊர் ஊரணிக்காக இரண்டு வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிக் கணக்கு. நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்கள் கிராம சபை என்று வரும் இடத்தில் பகுதி சபை, வார்டு குழு என்று எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதில் பெரும்பாலும் வழி ஒன்றுதான்.

முதல் வேலை, அந்த நீர்நிலை யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது. "ஊர்க் குளம்தானே" என்று நாம் சொல்வது அலுவலகத்தில் செல்லாது. 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அந்தத் தண்ணீரில் பாயும் நிலம்) உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவான பாசனக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரணி, குட்டை, குடிநீர்க் குளம் எல்லாம் கிராம ஊராட்சி. கோயில் தெப்பக்குளம் என்றால் பெரும்பாலும் அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும். நீர்வளத் துறைக் கண்மாய்க்கு ஊராட்சியில் தீர்மானம் போட்டு ஒரு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கடைசியில் "இது எங்களுடையது இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை, அதாவது சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் யாருடையது என்பதும் எழுதிய பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்திலேயே சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் எடுக்கலாம். நாங்கள் எடுத்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் ஒரே ஊரணி என்று நினைத்தது நீர் நிற்கும் இடம் ஒரு சர்வே எண்ணிலும் வரத்துக் கால்வாய் வேறு மூன்று எண்களிலுமாகக் கிடந்தது. கால்வாய் எண்களை விட்டுவிட்டு மனு கொடுத்திருந்தால் ஊரணியை மட்டும் தோண்டிவிட்டு, தண்ணீர் வராத பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

அதனால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் வரத்துக் கால்வாய் வழியே மேலே நடந்து போங்கள். ஊரில் வயதான ஒருவரையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த பெரியவர் ரோட்டுக்கு அடியில் போகும் சிறு பாலத்தில் நின்று, கைத்தடியை உள்ளே விட்டுக் காட்டினார். குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட ஒரு அடிக்கு மேல் உயரத்தில் இருந்தது. ரோடு போட்டபோது குழாயை அப்படியே மேலே வைத்திருக்கிறார்கள். பெருமழை பெய்தால்தான் தண்ணீர் ஏறித் தாண்டும், மற்ற மழை எல்லாம் பக்கத்துப் புஞ்சையில் தேங்கி வற்றிவிடும். ஊரணி வறண்டு கிடந்ததற்குத் தூர் மட்டும் காரணம் இல்லை, அந்த ஒரு அடியும் காரணம். இப்படி நீங்கள் பார்ப்பதை எல்லாம் போட்டோவோடு, தூரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். கலுங்கு (மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி) உடைந்திருக்கிறதா, கரை எங்கே கரைந்திருக்கிறது, சீமைக் கருவேலம் எத்தனை இடத்தில் அடர்ந்திருக்கிறது, எல்லாம் வேண்டும். பின்னால் ஓவர்சியர் (பணி மேற்பார்வையாளர்) மதிப்பீடு போடும்போது இந்த நோட்டுதான் பேசும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களே போய் வாய்த் தகராறில் இறங்காதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். அளவுக்கல் நட்டபிறகு பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது கிராம சபை. நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நீர்நிலைப் பேச்சை எடுக்க நல்ல நாள். ஆனால் பணம் வர வேண்டும் என்றால் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள், ஏனென்றால் அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளைச் சேர்ப்பது அதை ஒட்டித்தான் தொடங்கும். அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு, மத்திய நிதிக்குழு சொல்லி ஊராட்சிக்கு வரும் மானியத்தைக் கேட்டுப் பயனில்லை.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "ஊரணியைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். சர்வே எண், பரப்பு, செய்ய வேண்டிய வேலைகள் (வரத்துக் கால்வாய் இத்தனை மீட்டர் தூர்வாருதல், ரோட்டுக் குழாயை இறக்கி வைத்தல், கரையைப் பலப்படுத்துதல், கலுங்கைப் பழுதுபார்த்தல், கருவேலத்தை வேரோடு எடுத்தல்), எந்த நிதியில் கேட்கிறோம் என்பது, இத்தனையும் ஒரே தீர்மானத்தில் வரட்டும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, முக்கியம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கையெழுத்து வேண்டும். கூட்டம் முடிந்த மறுநாளே தீர்மான நகலுக்கு எழுதிக் கொடுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அங்கே தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத ஊராட்சி என்றால் நேராக பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

இப்போது பணம். எனக்குப் பிடித்தது நமக்கு நாமே திட்டம். 1997-ல் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-க்குப் பிறகு மறுபடி பழைய பெயரிலேயே ஓடுகிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒன்பது லட்சம் வேலை என்றால் மூன்று லட்சம் நம்முடையது. பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ நாம் போட்டால் வேலையை நாமே எடுத்துச் செய்யலாம், இல்லை நாம் சொல்லும் ஆளை வைத்துச் செய்யலாம். அதற்குக் குறைந்தால் டெண்டர்தான். முடிந்தால் அந்தப் பாதியை எட்டிப் பிடியுங்கள் என்பேன். யாரோ ஒரு காண்ட்ராக்டர் மேலாக வழித்துவிட்டுப் போவதற்கும், ஊர்க்காரன் நின்று தோண்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மழைக்காலத்தில் கண்ணால் பார்க்கலாம்.

மக்கள் பங்கைத் திரட்டுவது நினைப்பதைவிட எளிது. வெளியூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், திருவிழாவுக்கு வரி கொடுப்பதுபோல இதற்கும் கொடுப்பார்கள், ஆனால் கணக்கு தெரிய வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வாரமும் வரவை ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம், அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். ஐம்பது ரூபாய் கொடுத்த பாட்டியின் பெயரும் அதில் இருந்தது. தனி ஆள் கணக்கில் பணம் வாங்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதிவு செய்யலாம், அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பங்குத் தொகையை எந்த அலுவலர் பெயரில் டி.டி. எடுப்பது என்பதை வாய்ச்சொல்லில் நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். "நாங்க வேலைக்கு வர்றோம், அதைக் கணக்கில் எடுத்துக்குங்க" என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், பணமாகப் போட்டதுதான் பங்கு.

நிதிக்குழு மானியம் இன்னொரு வழி. 15-வது நிதிக்குழுவின் காலத்தில், அதாவது 2021-லிருந்து 2026 மார்ச் வரை, ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 60 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கும், குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டிவைத்திருந்தார்கள். புதிய காலத்துக்கான விதியைப் பி.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, ஆனால் அதற்குப் போட்டி அதிகம், கால்வாயைவிடக் கட்டடத்துக்கே பெரும்பாலும் போகிறது. பக்கத்தில் பெரிய ஆலை இருந்தால் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவன சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி வரம்புக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களும் நம்மிடம் முதலில் கேட்பது தீர்மான நகலைத்தான்.

மதிப்பீடு பற்றி ஒரு விஷயம், இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன்னால் ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ வந்து மட்டம் எடுத்து (தரையின் உயரத்தை அளந்து) அளவுப் புத்தகத்தில், அவர்கள் பாஷையில் எம்-புக்கில், எழுத வேண்டும். தோண்டிய பிறகு மறுபடி மட்டம் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். எங்களுக்கு நிர்வாக அனுமதி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஊரே குஷியாகி, மறுநாள் ஜேசிபியை இறக்கி இரண்டு நாள் தோண்டிவிட்டோம். முன் மட்டம் எடுக்கவே இல்லை. அந்த இரண்டு நாள் வேலை கணக்கிலேயே வரவில்லை, வாடகை முழுக்க எங்கள் கையிலிருந்து போனது. தப்பு எங்களுடையதுதான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, முன் மட்டம். இந்த நாலும் ஆகாமல் ஒரு சட்டி மண்ணைக்கூட எடுக்காதீர்கள்.

மதிப்பீட்டைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. செலவில் பெரும்பகுதி மண்ணை ஏற்றி வெளியே கொண்டுபோவதுதான். ஒரு ஏக்கர் ஊரணியில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் சுமார் 4000 கன மீட்டர், லாரிக்காரர் கணக்கில் (100 கன அடி ஒரு யூனிட்) சுமார் 1400 யூனிட் வரும். அதே மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-லிருந்து வட்டாட்சியரே அனுமதி கொடுக்கிறார், முன்புபோல மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போக வேண்டியதில்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. மண்பாண்டம் செய்பவர்களுக்கும் உண்டு. அப்படியென்றால் சுமார் 45 ஏக்கர் புஞ்சைக்காரர்கள் முன்வந்தால் அந்த 4000 கன மீட்டரும் வயலுக்குப் போய்விடும். நீர்நிலை மாவட்ட அரசிதழில் அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும், நிலமோ வீடோ அதே வட்டத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் உங்கள் ஊரணி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி இப்போதே மனு கொடுங்கள். எங்கள் ஊரில் மூன்று போகம் கடலை போட்டுச் சோர்ந்துபோன நிலத்தில் இந்த வண்டலைக் கொட்டியவர்கள் அடுத்த வருடமும் மண் கேட்டு வந்தார்கள்.

கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு பிடுங்க வேண்டும். ஊராட்சி நிலத்து மரம் ஊராட்சிக்குச் சொந்தம், அதனால் நாமே வெட்டி விற்கக் கூடாது, ஏலம் விடச் சொல்லுங்கள். கரையில் பனை விதை ஊன்றுங்கள், வெளிப்பக்கம் மருதம், புங்கன், நாவல். வனத்துறை நாற்றங்காலில் முன்கூட்டியே கேட்டு வைத்தால் கன்று கிடைக்கும்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். பங்குனியில் தண்ணீர் வற்றி, ஐப்பசி மழை வரும் வரைக்கும்தான் தோண்ட முடியும். ஆடிக்குள் முடித்தால் கரை இறுகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அதற்கு முந்தின அக்டோபரில் தீர்மானம், தை மாசியில் மதிப்பீடு, மாசிக்குள் மக்கள் பங்கு என்று பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும் என்று தெரியும். கோப்பு நடுவில் நின்றுவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், அல்லது முதல்வர் உதவி மையத்தின் 1100-க்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு தடவையும் மனு எண்ணைக் குறித்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் அளவுப் புத்தக நகல், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, வரவு செலவு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு ஊராட்சியில் ஒன்று, சங்கத்தில் ஒன்று என்று வையுங்கள். வரத்துக் கால்வாயை மட்டும் வருடா வருடம் ஆவணி, புரட்டாசியில் ஒரு தடவை சுத்தம் செய்தாக வேண்டும். அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் நிரந்தரப் பராமரிப்பு வேலையாகத் தீர்மானம் போட்டுவிடுங்கள். ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாயில் மட்டும் பிளாஸ்டிக் பையும் தேங்காய் மட்டையும் அடைக்காமல் இருக்க தண்ணீர் வரும் பக்கம் ஒரு கம்பி வலை வையுங்கள், எங்களுக்கு அது எண்ணூறு ரூபாய்தான் ஆனது.