பதில் சொல்லாத சர்வரையும் எண்ணிக்கையில் சேருங்கள்

என் பொறுப்பில் 64 லினக்ஸ் சர்வர்கள் கொண்ட ஒரு கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்) இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களின் கணக்கீடுகள் இரவும் பகலும் அதில் ஓடுகின்றன. காலையில் வந்ததும் எனக்கு மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: எந்த சர்வரில் வட்டு நிரம்பி வருகிறது, எதன் கடிகாரம் பிசகியிருக்கிறது, எது நள்ளிரவில் தானாக ரீபூட் ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றாக 64 முறை உள்ளே போய்ப் பார்த்தால் பொழுது போய்விடும். இதற்குத்தான் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு.

முதலில் நான் எழுதியது ஆறே வரிகள். பெயர்ப் பட்டியல் கோப்பை ‘வைல் ரீட்’ சுழற்சியில் வரிவரியாகப் படித்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாகப் போய்க் கட்டளை ஓட்டும் கருவி) வழியாக அந்தந்த சர்வருக்குப் போய், வட்டு 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். மூன்று வாரம் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. எல்லாம் நலம் என்று நம்பினேன். நான்காவது வாரம் 17ஆம் எண் சர்வரில் வட்டு நிரம்பி, ஒரு மாணவியின் 11 நாள் கணக்கீடு பாதியில் நின்றது. திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அத்தனை நாளும் என் ஸ்கிரிப்ட் முதல் சர்வரிடம் மட்டுமே கேட்டிருக்கிறது.

காரணம் எளிது, ஆனால் கண்ணில் படாது. எஸ்எஸ்ஹெச் தனக்கு வரும் உள்ளீட்டையெல்லாம் வாங்கி மறுமுனைக்கு அனுப்பும் இயல்புடையது. சுழற்சிக்குள் அதன் உள்ளீடு என்பது அந்தப் பெயர்ப் பட்டியலேதான். முதல் சர்வருக்குப் போன எஸ்எஸ்ஹெச், மீதி 63 பெயர்களையும் விழுங்கிவிட்டது. பட்டியல் தீர்ந்தது என்று சுழற்சியும் முடிந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எஸ்எஸ்ஹெச்சுக்கு ‘-என்’ என்ற ஒரே ஒரு தேர்வை (கட்டளையோடு எழுதும் குறியை)ச் சேர்த்தால் அது உள்ளீட்டைத் தொடாது.

ஆனால் திருத்த வேண்டியது அந்த ஓர் எழுத்தை மட்டுமல்ல. கெட்ட செய்தி இருந்தால் மட்டும் சொல் என்று ஸ்கிரிப்டைப் பழக்கியதுதான் என் பெரிய தவறு. அப்படிப் பழக்கினால் நலமாக இருக்கும் சர்வரும், செத்துக் கிடக்கும் சர்வரும், கேட்கவே படாத சர்வரும் ஒரே மாதிரி மௌனமாக இருக்கும். இப்போது என் ஸ்கிரிப்ட் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கட்டாயம் ஒரு வரி எழுதும்: பெயர், எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்), பதில். கேட்ட பெயர்களும் வந்த வரிகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாவிட்டால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன்.

எக்ஸிட் கோடை வீசிவிடாதீர்கள். 255 என்றால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் இணைப்பே கிடைக்கவில்லை என்று பொருள். அதைத் தவிர வேறு எண் வந்தால், அது மறுமுனையில் ஓடிய கட்டளை திருப்பிய எண். ‘டைம்அவுட்’ கட்டளைக்குள் வைத்து ஓட்டினால், நேரம் கடந்தபோது 124 வரும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நெட்வொர்க் கேபிளைத் தேடிப் போவதா, சர்வருக்குள் போவதா என்பது உடனே தெரிந்துவிடும்.

இணைப்புக்கு இரண்டு அமைப்புகள் அவசியம். ‘பேட்ச்மோட்’ஐ ‘யெஸ்’ என்று வையுங்கள். கடவுச்சொல் கேட்டு ஸ்கிரிப்ட் காத்து நிற்காது. ‘கனெக்ட்டைம்அவுட்’டை 5 நொடியாக வையுங்கள். இந்த இரண்டாவது அமைப்பை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அது இணைப்பு கிடைக்கும் வரைக்கும்தான். கிடைத்த பிறகு மறுமுனையில் கட்டளை தொங்கிப்போனால் அது காப்பாற்றாது.

தொங்குவதில் முதல் ஆள், வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளை. பொதுக் கோப்பகத்தை என்எஃப்எஸ் (வேறொரு சர்வரின் கோப்புகளை நெட்வொர்க் வழியே பகிரும் முறை) வழியாக இணைத்திருந்து, அந்தக் கோப்பு சர்வர் விழுந்துவிட்டால், டிஎஃப் அதன் பதிலுக்காக உறைந்து நிற்கும். உங்கள் பக்கத்து ‘டைம்அவுட்’ எஸ்எஸ்ஹெச்சைக் கொன்றுவிடும். மறுமுனையில் டிஎஃப் அப்படியே கிடக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் ஒரு மணி நேரத்தில் ஆறு பிணங்கள். நலம் விசாரிக்கப் போன நாமே சர்வரைப் படுக்க வைத்துவிடுவோம். அதனால் உள்ளூர் வட்டுகளை மட்டும் பார்க்கும் ‘-எல்’ தேர்வைச் சேருங்கள். ‘-பி’ (பெரிய எழுத்து) சேர்த்தால் ஒவ்வொரு வட்டும் ஒரே வரியில் வரும். பிரித்துப் படிக்க எளிது. இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்று புகார் வந்தால் ‘-ஐ’ கொடுத்து ஐநோடுகளைப் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவுகளை) பாருங்கள். சின்னஞ்சிறு கோப்புகளை லட்சக்கணக்கில் உருவாக்கும் மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

ரீபூட் ஆன நேரத்தை ‘அப்டைம் -எஸ்’ சொல்லிவிடும். கடிகாரப் பிசகுக்கு, நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளிடம் ‘குரோனிசி டிராக்கிங்’ கேளுங்கள். ‘டேட்’ கட்டளையை எல்லா சர்வரிலும் ஓட்டி ஒப்பிட்டால் இணைப்புத் தாமதமும் அதில் கலந்துவிடும்.

கேள்வி நீளமானால், மேற்கோள் குறிகளுக்குள் மேற்கோள் குறிகளை அடுக்காதீர்கள். தனிக் கோப்பாக எழுதி, மறுமுனையில் உள்ளீட்டில் வரும் கட்டளைகளை ஓட்டும் ‘பாஷ் -எஸ்’ஐ ஓட்டி, அந்தக் கோப்பை உள்ளீடாகக் கொடுங்கள். அப்போது ‘-என்’ போடக் கூடாது. போட்டால் உங்கள் ஸ்கிரிப்டே போய்ச் சேராது.

ஒவ்வொன்றாகக் கேட்பது மெதுவானது. ‘எக்ஸ்ஆர்க்ஸ் -பி’ (இங்கும் பெரிய எழுத்து) கொடுத்து ஒரே நேரத்தில் பல சர்வர்களைக் கேட்கலாம். பதில்களை ஒரே கோப்பில் கொட்டினால் வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சர்வருக்கு ஒரு கோப்பு என்று எழுதி, கடைசியில் சேருங்கள். எத்தனை இணைப்பு என்பதில்தான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். எங்கள் கிளஸ்டருக்கு ஒரே நுழைவு சர்வர் வழியாகத்தான் போக முடியும். 32 என்று வைத்தேன். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நான்கைந்து சர்வர்கள் 255 சொல்லின. நெட்வொர்க் பிரிவுக்குப் புகாரும் எழுதிவிட்டேன். உண்மையில் நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை. எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் மென்பொருளில் ‘மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 10:30:100. அடையாளம் உறுதியாகாத இணைப்புகள் 10 ஆனதும், புதிதாக வருவனவற்றில் 30 சதவீதத்தைக் குருட்டாம்போக்கில் தள்ளிவிடும். 100 ஆனால் எல்லாவற்றையும் தள்ளும். என் ஒரே நேர இணைப்புகளை 32இலிருந்து 8ஆகக் குறைத்தேன். அதன்பின் ஒன்றும் விழவில்லை.

விசைப்பலகை முன் உட்கார்ந்து அவசரமாகக் கேட்க வேண்டிய நேரத்தில், ஒரே கட்டளையைப் பல சர்வர்களில் ஒன்றாக ஓட்டும் ‘பிடிஎஸ்ஹெச்’ நல்ல கருவி. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது. அதன் விடைகளை ‘டிஎஸ்ஹெச்பாக் -சி’க்கு அனுப்பினால், ஒரே பதில் சொன்ன சர்வர்களைச் சேர்த்துக் காட்டும். 63 ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் அந்த ஒன்று தனியே நிற்கும்.

பாதுகாப்பில் சோம்பல் வேண்டாம். கேள்வி கேட்க ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) தேவையில்லை. இதற்கென்று அதிகாரமற்ற தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். அவருடைய சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் ஏற்கும் அடையாளம்) ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்பில் எழுதும்போது ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லையும், ‘கமாண்ட்’ என்று ஒரே கட்டளையையும் முன்னால் எழுதினால், சாவி திருடு போனாலும் அந்தக் கட்டளை தவிர வேறெதுவும் ஓடாது. அப்படிச் செய்தால் கேள்வி ஸ்கிரிப்ட் அந்தந்த சர்வரிலேயே இருக்க வேண்டும். ‘பாஷ் -எஸ்’ வழி பயன்படாது. போய்ச் சேர்ந்தது உண்மையில் அந்த சர்வர்தானா என்று எஸ்எஸ்ஹெச் பார்க்கும் சர்வர் சாவிச் சரிபார்ப்பைத் தொல்லை என்று அணைத்து வைக்கவும் கூடாது.

என் பட்டியலில் இப்போது 65 பெயர்கள். கடைசிப் பெயரில் சர்வர் எதுவும் கிடையாது. நானே வைத்த பெயர். தினமும் காலை மின்னஞ்சலில் அந்த வரி 255 என்று வர வேண்டும். வராத நாளில் சர்வர்களை விட்டுவிட்டு ஸ்கிரிப்டைத் திறக்கிறேன்.