ஆர்டிஇ இலவச சீட்: பெற்றோர் கோட்டை விடும் இடங்கள்

தனியார் பள்ளி பீஸ் கட்ட வழியில்லாத குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் பெரிய உதவி, கரஸ்பாண்டன்ட் மனம் இரங்கிக் குறைத்துத் தரும் சலுகை கிடையாது. ஆர்டிஇ என்று எல்லாரும் சொல்லும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்தான். 2009இல் கொண்டுவந்தார்கள், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்ற தனியார் சுயநிதிப் பள்ளிகள் எல்லாம் தங்கள் நுழைவு வகுப்பில், அதாவது எல்கேஜியில், அது இல்லாத பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பில், 25 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரைக்குமான கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். இந்த அளவுக்கு இன்று பலருக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விடுகிறோம். விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல் வைப்பார்கள், அதில் பேர் வராமல் போனால் அது யார் கையிலும் இல்லை, விடுங்கள். குலுக்கலுக்கு முன்பும் பின்பும் நம் கையில் இருப்பதை விடுவதைப் பற்றித்தான் இது.

முதல் தவறு, விண்ணப்பம் திறந்த பிறகு சான்றிதழுக்கு ஓடுவது. 2024இல் ஏப்ரல் 22ஆம் தேதி திறந்து மே 20ஆம் தேதி மூடினார்கள், நாலே வாரம். அந்த நாலு வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ நீங்கள் விண்ணப்பித்ததும் அச்சடித்துத் தருகிற சமாச்சாரம் இல்லை, விஏஓ பார்க்க வேண்டும், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்க்க வேண்டும், கடைசியில் தாசில்தார் ஒப்புதல் தர வேண்டும், இதில் ஒருவர் விடுப்பில் இருந்தாலோ அப்பா பேரில் ஒரு இனிஷியல் இடித்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குச் செல்லும், அதனால் முன்கூட்டி வாங்கினால் வீணாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கிற சான்றிதழ்கள் எத்தனையோ வீட்டு பீரோவில் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிவு செய்திருப்பார்கள், பெயர் அதற்கப்புறம்தான் வைத்திருப்பார்கள், சேர்க்க யாரும் திரும்பப் போயிருக்க மாட்டார்கள். பெயரைப் பின்னாலும் சேர்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு நடை, ஒரு மனு, கொஞ்சம் நாள். மே மாதம் அந்த நாள் இருக்காது.

எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதில் குழப்பம் ரொம்ப. இரண்டு லட்சத்துக்குள் வருமானம் இருந்தால்தான் ஆர்டிஇ என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி குடும்பத்துப் பிள்ளைகள் இதில் வருவார்கள், சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவி பாதிக்கப்பட்ட குழந்தைகள், திருநங்கையர், துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்கு இதிலேயே தனி முன்னுரிமை உண்டு. இன்னொன்று, நலிவடைந்த பிரிவு. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கிற எந்தச் சாதிக் குடும்பமும் இதில் வரலாம். அதனால் எம்பிசி குடும்பம் வருமானச் சான்றிதழ் கிடைக்கவில்லையே என்று உட்கார வேண்டியதில்லை, எஃப்சி (முற்பட்ட வகுப்பு) ஏழைக் குடும்பம் நமக்கு இதெல்லாம் கிடையாது என்று ஒதுங்க வேண்டியதும் இல்லை. அப்புறம் அந்த இரண்டு லட்சக் கணக்கு: மாசம் 15,000 என்றால் வருஷத்துக்கு 1,80,000, உள்ளே வந்துவிடும். 17,000 என்றால் 2,04,000, வெளியே. அப்பா சம்பளம் மட்டும் போட்டு அம்மாவின் தையல் வருமானத்தை மறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, குடும்ப வருமானம் என்றால் குடும்பம் முழுவதும்தான். பொய்ச் சான்றிதழ் கண்டுபிடிக்கப்பட்டால் பிள்ளையை நடுவகுப்பில் எழுப்பும் நிலைமை வரும். அந்த வேலையே வேண்டாம்.

வயது விஷயத்தில் பேரம் கிடையாது. ஜூலை 31 அன்று எல்கேஜிக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், நாலு தாண்டியிருக்கக் கூடாது. 2024-25க்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று வைத்திருந்தார்கள். எல்கேஜி இல்லாமல் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளி என்றால் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த குழந்தை அடுத்த வருஷம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய சறுக்கல். இந்த வருஷம் எல்கேஜியில் பணம் கட்டிச் சேர்த்துவிடுவோம், யுகேஜிக்கு ஆர்டிஇயில் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆர்டிஇ நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். யுகேஜிக்குக் கிடையாது, மூன்றாம் வகுப்புக்குக் கிடையாது. பிள்ளையை அவசரப்பட்டு எல்கேஜியில் உட்கார வைத்த அன்றே, எல்கேஜி இருக்கிற பள்ளிகளின் கதவு மூடிவிடுகிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள் தனி ரகம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளிகளுக்குத்தான் விண்ணப்பம், ஐந்து பள்ளிகள் வரை போடலாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் வீட்டு இடத்தைக் காட்டும்போது கொஞ்சம் நிதானம் தேவை. பிரவுசிங் சென்டர் பையன் கூட்ட நேரத்தில் மேப்பில் தெருவை விட்டு மெயின் ரோட்டில் குத்திவிட்டான் என்றால், உங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற பள்ளி பட்டியலிலேயே வராது, எங்கோ ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளி வரும். சமர்ப்பிக்கும் முன் மேப்பை நீங்களே ஒரு தடவை பாருங்கள். சொல்லப்போனால் காசு கொடுத்துப் போடவே வேண்டியதில்லை, வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வட்டார வள மையத்திலும் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள்.

சில பள்ளிகள் பட்டியலில் இல்லையே, மறைத்துவிட்டார்களா என்று கோபப்படுவதும் நடக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 25 சதவீதம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012இலும் 2014இலும் சொல்லிவிட்டது. ஊரில் பேர்பெற்ற கான்வென்ட் அநேகமாக அந்த ரகம். மதச் சிறுபான்மை மட்டும் இல்லை, மொழிச் சிறுபான்மை அறக்கட்டளை நடத்தும் பள்ளிகளும் அப்படித்தான். அந்த ஒரு பள்ளியை நம்பி மற்ற பள்ளிகளுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை: அந்தப் பள்ளி எத்தனையாவது வகுப்பு வரை? நர்சரி பிரைமரி பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. சட்டத்தில் எட்டு வரை என்று இருந்தாலும் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு இல்லாதபோது என்ன செய்ய முடியும்? வேறு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஆர்டிஇயாகச் சேர முடியாது. ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு மெட்ரிக் பள்ளியும் ஒரு நர்சரி பிரைமரியும் இருந்தால், மெட்ரிக்கை விட்டுவிடாமல் போட்டு வையுங்கள்.

இடம் மாறுவதும் இதே கதைதான். வாடகை வீடு, வேலை மாற்றம், வேறு ஊர் என்று போனால் இந்த சீட் கூடவே வராது. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது, தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறும் உரிமையைத் தரவில்லை. அடுத்த வருஷமே வீடு மாற்றும் யோசனை இருந்தால் இப்போதே அதையும் சேர்த்து யோசியுங்கள்.

விண்ணப்பித்த பிறகு செல்போனில் மெசேஜ் வரும் என்று உட்கார்ந்திருப்பது இன்னொரு தவறு. தகுதியானவர்கள், தகுதியில்லாதவர்கள் என்று பட்டியலை இணையதளத்திலும் பள்ளி நோட்டீஸ் போர்டிலும் போடுவார்கள், தள்ளப்பட்டவர்களுக்குக் காரணமும் இருக்கும். விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமாக வந்தால் பள்ளியிலேயே பெற்றோர் முன்னால் குலுக்கல். அன்றைக்கு ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, வீட்டில் யாராவது ஒருவர் போய் நில்லுங்கள். பேர் வந்தும் குறித்த தேதிக்குள் போய்ச் சேர்க்கவில்லை என்றால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். குலுக்கலில் வராதவர்களும் சோர்ந்துவிட வேண்டாம், இதே காரணத்தால் உங்களுக்கே அழைப்பு வரலாம். ‘நான் முடித்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்’ என்று ஒரு ஆள் வருவார். எல்லா வருஷமும் வருவார். இலவச சீட்டுக்குக் காசு கொடுப்பதைப் போல அபத்தம் உண்டா?

2025இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு நிதி தரவில்லை என்று மே மாதம் விண்ணப்பமே திறக்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் ஜூனிலேயே பலர் கடன் வாங்கிப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். மறுபடி அப்படி ஒரு தாமதம் வந்தால் கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி வையுங்கள், பின்னால் ஆர்டிஇயில் சேர்த்துக்கொண்டால் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதித் தருவது ரசீது இல்லை.

சேர்ந்த பிறகு வரும் பண விவகாரம். ‘அரசு இன்னும் எங்களுக்குப் பணம் தரவில்லை, நீங்கள் இப்போதைக்குக் கட்டுங்கள், வந்ததும் தருகிறோம்’ என்று ஆபீஸ் ரூமில் சொல்வார்கள். அரசு இழுத்தடிக்கிறது என்பது பல வருஷம் உண்மையாகவே இருந்திருக்கிறது, பள்ளிகளின் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது பள்ளிக்கும் அரசுக்கும் இருக்கும் பாக்கி, உங்கள் தலையில் இறக்க முடியாது. டொனேஷன் கேட்டால் அதைப்போல பத்து மடங்கு வரை அபராதம் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இன்டர்வியூ வைத்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை. புத்தகம், சீருடை செலவு யாருடையது என்ற கேள்வியில், அதையும் அரசுதான் ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. நடைமுறையில் இன்னும் கேட்கிறார்கள், நிறையப் பேர் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து கட்டிவிடுகிறார்கள். வேன் கட்டணம், கராத்தே, அபாகஸ் இதெல்லாம் வேறு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

புகாரை வாய்ச்சண்டையாகப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. பள்ளி முதல்வரிடம் ஒரு பக்க மனு எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் வைக்க மறுத்தால் பதிவுத் தபால். அதற்கப்புறம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண், ‘முதல்வரின் முகவரி’ என்ற முதலமைச்சர் குறைதீர் பிரிவின் 1100 எண். வாசலில் கத்தினவருக்கு ஒரு பதிலும் வராது, கையில் சீல் வைத்த நகல் வைத்திருப்பவரை உட்காரச் சொல்லுவார்கள்.

எட்டாம் வகுப்பு முடிவது இன்னும் பல வருஷம் தள்ளி இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் எனக்குத் தெரிந்து அதிக நஷ்டத்தைத் தரும் தவறு அங்கேதான் நடக்கிறது. ஒன்பதில் முழு பீஸ். பழகிய பள்ளி, பழகிய நண்பர்கள் என்று நகையை வைத்து அங்கேயே தொடர்கிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியலுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆர்டிஇயில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் அந்த விதியில் அடங்கும். பெண் பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதாவது ஒன்பதாம் வகுப்பில் பீஸ் கட்டி அங்கேயே இருந்தால் இந்தக் கதவு மூடுகிறது, அரசுப் பள்ளிக்கு மாறினால் திறந்தே இருக்கிறது. நர்சரி பிரைமரியில் ஐந்து முடித்தவர்கள் நேராக அரசுப் பள்ளி ஆறாம் வகுப்புக்குப் போனாலும் பிரச்சினை இல்லை. ஆறு முதல் எட்டு வரை வேறு தனியார் பள்ளியில் பணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தால்தான் இரண்டும் கெட்டான் நிலைமை. உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், 7.5 சதவீதத்துக்கு அது கணக்கில் வராது.

மாறும்போது வெறும் டிசியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளை ஆர்டிஇ சட்டப்படி சேர்ந்து எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை இங்கே படித்தான் என்று பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். எல்கேஜி சேர்க்கையின்போது வந்த விண்ணப்ப நகல், குலுக்கல் முடிவு எல்லாவற்றையும் அதோடு ஒரே ஃபைலில் போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கலந்தாய்வில் சான்று கேட்கும்போது, அந்தப் பழைய பள்ளி இருக்குமோ கைமாறியிருக்குமோ யார் கண்டார்கள்.