மலையில் ஓடும் காருக்கு ஹோஸ் கிளிப் கழற்றி மாட்டும் முறை

மே மாதம் உதகை மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டால், பர்லியாறு முதல் குன்னூர் வரை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் கார்களுக்குக் குறைவிருக்காது. இறங்கிப் பார்த்தால் பல வண்டிகளில் ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கும், வாட்டர் பம்பும் நன்றாக இருக்கும். ரப்பர் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப் மட்டும் தளர்ந்திருக்கும், அல்லது யாரோ முரட்டுத்தனமாக முறுக்கிக் குழாயையே அறுத்திருப்பார்கள். குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அதனால் நாலு காசு வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டு வாசலில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்காகக் குழந்தை குட்டியோடு கொண்டை ஊசி வளைவில் நிற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சமவெளியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் தண்ணீர் ஊற்றி ஓட்டிவிடலாம். மலையில் அது நடக்காது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வேலை செய்யும் சூடே ஏறக்குறைய 90 டிகிரி. ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பார்களே, அந்த அழுத்தம்தான் கொதிநிலையை மேலே தள்ளி வைக்கிறது. 0.9 மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட உதகையில் 115 டிகிரி வரை தாங்கும். ஒரு கிளிப் வழியே அழுத்தம் வெளியேறிவிட்டால் அந்த இருபது டிகிரிக்கு மேற்பட்ட பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சூடு காட்டும் அளவுமானி முள் நடுவில் இருக்கும்போதே உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

உங்கள் வண்டியில் பெரும்பாலும் இரண்டு வகை கிளிப் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போதே மாட்டியிருப்பது ஸ்பிரிங் கிளிப். இரண்டு காதுகளை அழுத்தினால் விரியும், விட்டால் இறுகும். கடையில் தனியாகக் கிடைப்பது திருகு கிளிப். பட்டையில் வரிசையாகக் காடிகள் வெட்டியிருக்கும், திருகைச் சுற்றச் சுற்றப் பட்டை இழுபடும். 1921-ல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இன்றும் அதில் பெரிய மாற்றமில்லை. காதை நசுக்கி மாட்டும் மூன்றாவது வகையும் உண்டு. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், மறுபடி பயன்படாது.

ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றுவது சிரமம் என்று தூக்கி எறிந்துவிட்டுத் திருகு கிளிப்பை மாட்டிக்கொண்டு வருபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. மார்கழி விடியலில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது ரப்பர் சுருங்குகிறது. ஸ்பிரிங் கிளிப் அதோடு சேர்ந்து தானும் இறுகிக்கொள்ளும். திருகு கிளிப் திருகிய இடத்திலேயே நிற்கும்; இடைவெளி விழும், காலையில் வண்டிக்கு அடியில் ஈரம் தெரியும். எஞ்சின் சூடேறியதும் ரப்பர் உப்பிக் கசிவு நின்றுவிடும். ‘இரவில் மட்டும் ஒழுகுகிறது’ என்று ஒருவர் வந்தால் நான் முதலில் திருகு கிளிப்பைத்தான் தேடுவேன். ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஸ்பிரிங்கையே போடுங்கள். அதன் காதில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருக்கும், அதே அளவைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையை எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்தால் சில்லென்றிருக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்; சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எங்கள் ஊரில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் அகன்ற தட்டை வைத்து, மூடியைத் திறந்துவிட்டுக் கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, வடித்துக்கொள்ளுங்கள். மேல் குழாய் மட்டும் என்றால் அதன் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை வடித்தால் போதும்.

ஸ்பிரிங் கிளிப்புக்கு மூக்கு நீண்ட பிளேயர் உதவாது, காதிலிருந்து வழுக்கிவிடும். வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பத்து அங்குல ‘வாட்டர் பம்ப்’ பிளேயரால் இரண்டு காதுகளையும் நேராகக் கவ்வி அழுத்துங்கள். விரிந்ததும் அப்படியே குழாயின் மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போதும், கழற்றவே வேண்டாம். காது கீழ்ப்பக்கம் திரும்பியிருந்தால் முதலில் லேசாக அழுத்திச் சுற்றி மேலே கொண்டுவாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிடி நழுவினால் கிளிப் தெறிக்கும்.

திருகு கிளிப்புக்குத் திருப்புளியைவிட ஸ்பானர் மேல். திருகின் தலை பெரும்பாலும் 7 அல்லது 8 நம்பராக இருக்கும். திருப்புளி நழுவினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில்தான் போய்க் குத்தும். குன்னூர் மூடுபனியிலும் மழையிலும் திருகு துருப்பிடித்து அசையாமல் இருப்பது சாதாரணம். அப்போது துரு இளக்கும் எண்ணெயைத் திருகின் மேல் மட்டும் விட்டுச் சற்றுப் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருகின் கூட்டுக்குப் பக்கத்தில் பட்டையை வெட்டிவிடலாம்.

அடுத்தது குழாயை உருவுவது. இதில்தான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். நாள்பட்ட ரப்பர் குழாய் ரேடியேட்டரின் முனையோடு தோசைக்கல்லில் பிடித்த மாவைப் போல ஒட்டியிருக்கும். இழுக்காதீர்கள், திருகுங்கள். இடமும் வலமுமாகத் திருகி ஒட்டு விட்ட பிறகு உருவினால் தானாக வரும். வராவிட்டால், மழுங்கிய வளைந்த ஊசியை ரப்பருக்கும் முனைக்கும் நடுவே நுழைத்துச் சுற்றிவர ஓட்டுங்கள். தட்டைத் திருப்புளியைக் கொடுத்து நெம்பக் கூடாது. இப்போதைய ரேடியேட்டர் முனைகள் பிளாஸ்டிக், ஒரே நெம்பில் விரிசல் விட்டுவிடும். ஹீட்டருக்குப் போகும் சிறிய குழாய்களில் இன்னும் கவனம் வேண்டும். உள்ளே உள்ள முனை மெல்லியது, அது ஒடிந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வரலாம். புதுக் குழாய் கையில் இருந்தால் பழையதை நீளவாக்கில் கீறிப் பிரித்து எடுங்கள்.

முனையில் படிந்த வெள்ளை, பச்சைப் பொருக்கைப் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரால் துடைத்தெடுங்கள். பசை, கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறிக் கொழகொழத்துவிடும். கொஞ்சம் கூலண்டைத் தொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிளிப்பை முதலில் குழாயில் கோத்துவிட்டு, குழாயைக் கடைசிவரை தள்ளுங்கள்.

முனையின் விளிம்பில் சற்றுத் தடித்த ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தைத் தாண்டி உள்பக்கமாக, குழாயின் வாய்க்கு முன்னால் கிளிப் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். பழைய குழாயைத் திரும்ப மாட்டுகிறீர்கள் என்றால், முந்தைய கிளிப் பதித்த தடத்திலேயே ஸ்பிரிங் கிளிப்பை வையுங்கள். காதுகள் அடுத்த முறை பிளேயருக்கு எட்டும்படியும், விசிறியிலும் பெல்ட்டிலும் உரசாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகு கிளிப்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், குழாயை மாட்டிய நிலையில் வெளிவிட்டத்தை அளந்து, அந்த அளவு கிளிப்பின் வரம்புக்கு நடுவில் விழும்படி வாங்குங்கள். டபிள்யூ 4 என்று பொறித்தது வாங்கினால் பட்டை, திருகு எல்லாமே துருப்பிடிக்காத எஃகு. டபிள்யூ 2 என்றால் திருகு மட்டும் அப்படியில்லை. மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். பட்டையின் காடிகள் வழியே ரப்பர் பிதுங்க ஆரம்பித்தால் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பெட்ரோல், டீசல் குழாய்களின் கிளிப்பை இந்த முறையில் தொடாதீர்கள். அதற்குக் காடி வெட்டாத தனிக் கிளிப் வேண்டும், அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கூலண்ட் நிரப்பும்போது மலை நமக்கு உதவும். வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் மூடி உயரத்தில் இருக்கும், உள்ளே மாட்டிய காற்று தானாக மேலேறும். பாட்டரி வயரை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். மேல் குழாய் சூடானால், எஞ்சின் சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்துவிட்டது. குமிழிகள் நின்றதும் மூடிவிடலாம். வடித்த பழைய கூலண்டைக் கால்வாயில் கொட்டாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். கேனில் அடைத்து ஏதாவது பட்டறையில் கொடுங்கள்.

சோதிக்க இறக்கத்தில் ஓட்டிப் பயனில்லை. குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறிப் போய், வண்டியை இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளிப்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். திருகு கிளிப் என்றால் அப்போது கால் சுற்று இறுக்க வேண்டி வரலாம். ஸ்பிரிங் கிளிப்பில் ஈரம் தெரிந்தால் அது தடித்த வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மறுபடி விரித்துச் சரியான இடத்துக்குத் தள்ளுங்கள்.